மேல் எந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை முதல் படகில்
கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
கடல் தட்டையாகத்தான் கிடந்தது.
ஆடியது நான்.

காதுக்குள் கல் இடம் மாறியிருக்கிறது என்றார்
தோ பாயோ டாக்டர்.
சுண்ணாம்புத் துகள், எல்லாருக்கும் உண்டு,
எது மேல் எது கீழ் என்று சொல்வது அதுதான்.
நாற்பத்தாறு வருடம்
ஒரு கல் சொல்லக் கேட்டு
நிமிர்ந்து நடந்திருக்கிறேன், தெரியாமலே.

செயிண்ட் ஜான்ஸ் தீவு ஆய்வுக்கூடத்தில்
ஜெல்லிமீன் குஞ்சுகளுக்குத் தீனி போடுவது,
தண்ணீர் மாற்றுவது, எண்ணுவது என் வேலை.
சிப்பி ஓட்டில் ஒட்டிக்கிடக்கும் வரை
அது வெறும் வாயும் வயிறும்.
கண் கிடையாது. கல் கிடையாது.
ஒட்டியிருப்பதற்கு எதற்கு மேலும் கீழும்?
பிறகு உடம்பு அடுக்கடுக்காக வெட்டுப்படுகிறது,
அங்காடிக் கடையில் கழுவக் கிடக்கும் தட்டுகள்போல.
ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் எட்டு இதழ்.
இதழ் நுனியில் ஒரு முளை.
முளைக்குள் கல் விளைகிறது,
ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் கண் வலிக்கும் வரை.
மாவுக்கட்டு போடுகிற அதே சாந்துதானாம்,
பெக் லான் சொன்னாள்.
பக்கத்தில் துருப்புள்ளியாக ஒரு கண்,
வெளிச்சம் உண்டா இல்லையா, அவ்வளவே தெரிந்த கண்.
இதெல்லாம் கழன்றுகொள்வதற்கு முன்பே.
விழப்போகிறோம் என்று
யார் சொன்னது அதற்கு? மூளைகூடக் கிடையாதே.

அன்றைக்குக் குனிந்து பார்த்தபோது
அறை சுழன்றது.
கையிலிருந்த உறிகுழாய் ஒன்றை இடித்துவிட்டது.
ஓர் இதழ் அறுந்து தனியே மிதந்தது,
கல்லோடும் கண்ணோடும்,
இன்னும் துடித்துக்கொண்டு.
மிச்சம் ஏழு. ஒரு பக்கம் பொக்கை.
சாய்ந்து சாய்ந்து வட்டமடித்தது அது.
நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை தேடினேன்.
பொக்கையைக் காணோம்.
புதிதாக எதுவும் முளைக்கவில்லை, ஏழுதான்.
ஏழும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து,
எம்ஆர்டி இருக்கையில் ஒதுங்கி உட்காருகிறவர்கள்மாதிரி
வட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன.
ஒருமுறை சுருங்கி விரிந்தது.
நேராக மேலே வந்தது.

பதிவேட்டில் 'குறை' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
எண்ணிக்கைக் கட்டத்தில் மட்டும்
ஏழு என்று எழுதினேன்.

மாலைப் படகு. ரோஸ்லான் கயிற்றை அவிழ்த்தார்.
தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்
ஒவ்வொன்றாக விளக்கேற்றின.
தலையை இடப்பக்கம் சாய்க்காதீர்கள் என்றிருந்தார் டாக்டர்.
சாய்க்கவில்லை.
கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தேன்.
மற்றது அங்கேயே இருக்கட்டும்.