உறவில்லாத ஒட்டு

முகத்துவாரத்தில் ஆறு முடிகிற இடத்தில்
சிரிலின் படகு நிற்பதில்லை, ஆடிக்கொண்டிருக்கும்.
நான் வலையை இறக்குகிறேன்.
கண் தெரியாத வலை,
துப்பட்டாவைவிட மெல்லிசு.
"இதில என்ன ஜெனிற்றா அக்கா படும்?"
ஒவ்வொரு செவ்வாயும் கேட்பான்.
ஒவ்வொரு செவ்வாயும் போத்தலைத் தூக்கிக் காட்டுவேன்:
தண்ணீர். பால் விடாத தேத்தண்ணி நிறத்தில்
தண்ணீர்.

நுணுக்குக்காட்டியின் கீழேதான் கொழும்பு தெரியும்.
லஞ்ச் ஷீட்டின் ஒரு கிழிசல்.
யோகட் கப்பின் விளிம்பு.
தோரணக் கயிற்றின் பச்சை நார்,
வெசாக்குக்குக் கட்டியதா, வேலுக்கா, தேர்தலுக்கா,
நாருக்கு ஞாபகமில்லை.

புதிதாய் இருந்தபோது இதில் எதுவும் ஒட்டாது,
வழுக்கிக்கொண்டு போகும்.
வெயில் காய்ச்சி, அலை உரசி,
முகமெல்லாம் கீறல் விழுந்த பிறகுதான்
வருகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிடத் தொடங்குகிறது.
முதலில் ஒரு வழுவழுப்புப் படரும்.
கிருமிகள் குடிவரும்.
அதன் மேல்
பஞ்சிகாவத்தையில் எவனோ கழுவிய எஞ்சினின் எண்ணெய்,
உடைத்த பற்றரியின் ஈயம்,
ஆற்றுக்கு மேலே எங்கோ வயலுக்கு அடித்த மருந்து,
காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி
மலகூடத்தில் கொட்டிய கப்சூல்.

தனித்தனியே போயிருந்தால்
கடலில் கரைத்த பெருங்காயம்.
இது போகவிடவில்லை.
தன்னைவிடப் பெரிய ஆற்றை
வழியெல்லாம் பொறுக்கி
எள்ளளவு முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறது.

புறத்துறிஞ்சல் என்று உயர்தரத்தில் எழுதிப் புள்ளி வாங்கினேன்.
வீட்டில் சண்டை வந்தால்
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கதவைச் சாத்துவோம்.
இங்கே உறவில்லை.
ஒட்டு மட்டும்.
ஈயத்துக்கு நைலோன் யார்?
நைலோனுக்கு அந்தக் கப்சூல் என்ன முறை?

சூடை மீன் வாய் திறக்கும்.
பாசி மணக்கிறதே, சாப்பாடுதானே.
குடலின் நீரில் பிடி தளர்ந்து
ஆற்றில் சேர்த்ததை அங்கே இறக்கிவைக்கும்.
அறிக்கையில் நான் "இறக்கிவைக்கக்கூடும்" என்று எழுதினேன்.
நிலுபுல் அந்தக் "கூடும்" மேல்
பென்சிலால் இரண்டு கோடு போட்டார்,
அழிப்பதற்கல்ல, மறக்கவேண்டாம் என்பதற்கு.
மதியம் இருவரும் சூடைப் பொரியலோடுதான் சாப்பிட்டோம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வெறும் போத்தல் வைப்போம்.
வடித்த நீர், ஆறு தொடாதது.
அதிலும் வலை கழுவி, வடிதாள் மாற்றி,
மற்றப் போத்தல்களுக்குச் செய்வதெல்லாம் செய்வோம்.
போன கிழமை அந்த வடிதாளில்
ஒரு நீல நார்.

எனக்கு உடனே தெரிந்தது.
நத்தாருக்கு வெள்ளவத்தையில் எடுத்த சல்வார்,
இடது கை மடிப்பில் நூல் எழும்பியிருக்கும்.
வெள்ளை மேலங்கியைத் தாண்டி எப்படி வந்ததோ.
பூவோடு சேர்ந்தால் நார் மணக்குமாம்;
இது மட்டக்குளி பஸ்ஸின் புகையோடு சேர்ந்தது,
சலவைத்தூளோடு,
என் வியர்வையோடு.

பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது:
நார், ஒன்று. நிறம் நீலம். இரண்டு மில்லிமீற்றர்.
மூலம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
ஆய்வாளர், என்று போட்டேன்.
பிறகு விதிப்படி
அன்றைய எல்லாப் போத்தலின் கணக்கிலும்
நீலத்தில் ஒன்று குறைத்தேன்.
ஒன்பது தடவை என்னைக் கழித்தேன்.
ஆற்றில் அப்படிக் கழிக்க ஆளில்லை.

சனிக்கிழமை அந்தச் சல்வாரைத் தோய்த்தேன்.
வாளியில் சாம்பல் நீலம் சுழன்றது.
கானுக்குப் பக்கத்தில்
கவிழ்க்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கை வலித்தது.
வேறு எங்கே ஊற்ற?

செவ்வாய் சிரில் கேட்பான்.