ஓடாத மீன்கள்

கஃபூவேயின் கிளையாற்றில் இன்று
வலையே வேண்டாம் என்கிறான் கபாசோ.
கையை விட்டான், வந்தது திலாப்பியா.

எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு மீனுக்குத் தோல் கிழிந்தால்
தண்ணீரில் ஒரு வாடை பரவும்.
முகர்ந்த கூட்டம் நாணலுக்குள் சிதறும்.
இருபது வருடமாக
நான் பிடித்ததைவிட
அந்த வாடை தப்பவைத்ததே அதிகம்.

இப்போது முள்ளில் ஒன்று ரத்தம் கசியத் துடிக்கிறது.
ஒரு முழம் தள்ளி மற்றவை
வாயைத் திறந்து மூடி நிற்கின்றன,
பக்கத்து வீட்டுச் சண்டையைக்
கேட்காததுபோல.

மேட்டில் தாமிரச் சுரங்கத்தின் கசடுக்குளம்.
போன மழையில் கரை உடைந்து
ஆறு நாள் பச்சையாய் ஓடியது ஆறு.
செத்து மிதந்ததை எண்ணினார்கள்,
கிலோவுக்கு இவ்வளவென்று எழுதிக்கொண்டார்கள்.
மூக்கு மட்டும் செத்ததற்கு
எந்தத் தராசு?

செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன்.
சந்தையில் சிவப்பைத்தான் கேட்பார்கள்.
இது நனைந்த சாம்பல்,
மேலே கோழைபோல் ஒரு படலம்.

"அதிர்ஷ்டம்டா!" கபாசோவின் வாளி நிறைந்துவிட்டது.

நான் என்னுடையதைத் தண்ணீரில் விட்டேன்.
போ என்றேன்.
காலால் தண்ணீரை அடித்தேன்.

போகவில்லை.
என் கணுக்காலை உரசிக்கொண்டு
அங்கேயே நின்றது.