தட்டச்சு: நித்யகலா

தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்,
சகாயமேரியின் டிபன்பாக்ஸ் மூடியில்.
'மழை' வரும் என்றுதான் எல்லாரும் இருந்தோம்.
மழைக்கு என்னிடம் பாதிக் கதை ஏற்கெனவே இருந்தது.
வந்தது 'வெள்ளை'.

இரண்டாமாண்டு தமிழ், பி பிரிவு.
முப்பத்து நான்கு பேர், ஆளுக்கு மூன்று பக்கம்,
பொங்கல் லீவுக்குள் தொகுப்பு வந்தாக வேண்டும்.

ஒரே வாரத்தில் ஒன்பது வெள்ளைச் சேலைகள் வந்து சேர்ந்தன.
அதில் ஆறு ஏற்காட்டு மலைப்பாதையில்,
நள்ளிரவில், லிப்ட் கேட்டபடி.
இத்தனை பேர் நின்றால்
தனி பஸ்ஸே விடலாம் என்றான் ஜாபர்.
தினமும் அந்தப் பாதையில் முதல் பஸ் பிடித்து இறங்கி வரும் சகாயமேரி
பனியையும் எழுதவில்லை, பேயையும் எழுதவில்லை.
பல் ஆஸ்பத்திரிச் சுவரை எழுதினாள்.
தினகரன் சதுரங்கத்தில் ராஜாவைக் கொன்றான்.
அங்கே ராஜா சாவதில்லை என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
ஜாபர் மட்டும்
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு ராவிய தூளை
ராத்திரி கூட்டி அள்ளிப் போகிறவனை எழுதியிருந்தான்.
பொறாமையாக இருந்தது.

செட்டிச்சாவடிப் பக்கம் எங்கள் வீடு.
வெள்ளைக்கல் லாரி போனால்
கொடியில் காயும் கறுப்புச் சட்டையும் வெளுக்கும்.
அதை எழுதியிருக்கலாம்.
என் சட்டை, என் கொடி, என் தூசி.

நான் எழுதியது ஒரு ஜவ்வரிசி மில்.
களத்தில் மாவு பரப்பும் செல்லம்மாள்.
அவள் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைக்கு ஏறும் வெண்திட்டு.
'மாவு எது தோல் எது என்று
வெயிலுக்கே குழப்பம்' என்றொரு வரி.
அந்த வரிக்காக இரண்டு நாள்
என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

நித்யகலாவின் அம்மாவை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.
ஃபீஸ் கட்டும் வரிசையில்
சில்லறையை எண்ணி எண்ணி வைத்த கை.
பெயரை மாற்றினேன். ஊரை ஆத்தூருக்குத் தள்ளினேன்.
ஒரு மகனைக் கொடுத்தேன், குடிக்கிற மகன்.
அது போதுமென்று நினைத்தேன்.
தட்டச்சு செய்யப்போவது யார் என்பதை
நினைக்கவில்லை.

அண்ணனுக்குக் கிடைத்த அரசு லேப்டாப் அவளுடையது.
'ழ' அமுங்காது.
ஒவ்வொரு ழகரத்தையும்
வேறெங்கிருந்தோ வெட்டி வந்து ஒட்டுவாள்.
முப்பத்து மூன்று கதை, எத்தனை மழை, எத்தனை அழுகை.

செவ்வாய்க்கிழமை மெய்ப்பு வந்தது.
கூடவே என் கையெழுத்துப் பிரதி,
அதில் சிவப்பு மையில் இரண்டே திருத்தம்.
'மாவை தட்டினாள்' என்று எழுதியிருந்தேன்.
நடுவே ஒரு 'த்' போட்டிருந்தாள்.
வலி மிகும் இடம்.

இன்னொன்று நான்காம் பத்தியில்.
'இடது கை'யை அடித்து
'வலது கை'.

ஐந்து ரோடு தள்ளுவண்டியில்
எல்லாரும் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தபோது
தனியே கூப்பிட்டு,
கதையை எடுத்துவிடலாமா என்றேன்.
பீட்ரூட் துருவல் உதிராமல் கடித்து, மென்று முடித்து,
"பக்க எண் எல்லாம் மாறிடும்" என்றாள்.
"நீ ஏன் எழுதல?"
"வெள்ளைன்னா எனக்கு ஒண்ணும் தோணல."
கொஞ்சம் கழித்து,
"அந்தப் பையன் குடிக்க வேண்டாமேன்னு இருந்துச்சு.
ஆனா அது உன் கதை."

வீட்டுக்கு வந்து மகனைத் திருத்தப் பார்த்தேன்.
குடிக்காதவனுக்கு அந்த மூன்று பக்கத்தில்
என்ன வேலை கொடுப்பதென்று தெரியவில்லை.
மறுநாள் எல்லாம் பைண்டிங்குக்குப் போய்விட்டது.

ஆளுக்கு ஒரு பிரதி.
அட்டையும் வெள்ளை. அழுக்காகும் என்றேன், யாரும் கேட்கவில்லை.
கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில்
தட்டச்சு: நித்யகலா.

அவள் மட்டும் அறுபது ரூபாய் கொடுத்து
இன்னொன்று கேட்டாள்.
யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
சில்லறை சரியா இருக்கா, எண்ணிக்கோ என்றாள்.
எண்ணினேன்.