ஒளிக்கு எத்தனை சதவீதம்

நுகுஅலோஃபா துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
ஜன்னலோர மேசை என்னுடையது.
இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருவோம்.
அதன் மடிப்புகளில் இன்னும் எரிமலைச் சாம்பல்.

வெடிப்புக்குப் பதினெட்டாம் நாள்
செப்பனிடும் கப்பலிலிருந்து படிவம் வந்தது.
பொருள்: கண்ணாடி இழை வடம், தொண்ணூறு கிலோமீட்டர்.
சேருமிடம்: கடலடி.

நாங்கள் வரி போடுவது டப்பா மாட்டிறைச்சிக்கு,
ஆட்டு விலாவுக்கு,
ஆக்லாந்தில் ஓடித் தேய்ந்த கார்களுக்கு.
அட்டவணையில் தேடினேன்.
மீன்வலை இருந்தது. மின்கம்பி இருந்தது.
மயிரிழைக்குள் ஓடும் வெளிச்சத்துக்கு
வரிசை எண் இல்லை.

மேலதிகாரி வகாஉத்தா எட்டிப் பார்த்தார்.
"மண்ணைத் தொட்டால்தான் இறக்குமதி.
இது தண்ணீரோடு போய்விடுகிறதே."
"தண்ணீர் யாருடையது?" என்றேன்.
அவர் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

யாரும் எங்களை ஆண்டதில்லை
என்று மூன்றாம் வகுப்பில் உரக்கச் சொல்லிப் படித்தவள் நான்.
சுற்றியிருந்த தீவுகளை ஒவ்வொன்றாக
யார் யாரோ வரைபடத்தில் வண்ணம் பூசிக்கொண்டபோதும்
எங்கள் அரசர் அரசராகவே இருந்தார்.

ஆனாலும்
பக்கத்து மேசைக் கிலிசிதினாவுக்கு
"ஸ்டேப்ளர் கொடு" என்று நான் தட்டும் ஒரு வரி
ஃபிஜிக்குப் போகும், சிட்னிக்குப் போகும்,
நான் பார்த்திராத ஏதோ ஓர் அறையில்
குளிரூட்டிய காற்றில் ஒரு கணம் நிற்கும்,
பிறகு திரும்பி வந்து அவள் திரையில் விழும்.
கை நீட்டினால் எட்டும் தூரம்.

வடம் அறுந்த பிறகு
கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில்
எங்கள் பேச்சு எங்களுக்குள்ளேயே இருந்தது.
வெளியிலிருந்து எவனும் ஒட்டுக்கேட்க முடியாது.
முழு இறையாண்மை.
அது பணமாற்றுக் கடையின் வாசலில்
காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்றது,
குடையோடு, கைக்குழந்தையோடு,
ஆக்லாந்துத் தம்பி அனுப்பிய நூறு டாலர்
எந்தக் கடலுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல்.
செயற்கைக்கோள் தொலைபேசியில் ஆளுக்கு இரண்டு நிமிடம்.
எனக்கு முன்னால் நின்ற பெண்
இரண்டு நிமிடமும் அழுதுவிட்டு
ரிசீவரை வைத்தாள்.

சனிக்கிழமை மாலை வானொலியில் கேப்டன் ல குய்லெக் அழைத்தார்.
பிரெஞ்சு தோய்ந்த ஆங்கிலம், மிகுந்த மரியாதை:
"நாளை ஞாயிறு. உங்கள் நாட்டில்
ஓய்வுநாளில் வேலை செய்வது சட்டவிரோதமாமே.
கடலடிக்கும் பொருந்துமா?"

வகாஉத்தா மண்ணடுப்புக்கு விறகு பார்க்கப் போயிருந்தார்.
அரசாங்கமாக அப்போது இருந்தது நான்தான்.
கடல்வரைபடத்தை விரித்தேன்.
கரையிலிருந்து பன்னிரண்டு மைல்வரை எங்கள் சட்டம்,
எங்கள் சாசனம், எங்கள் ஞாயிறு.
அறுந்த இடம் இருபதாவது மைலில்.
அளவுகோலை நகர்த்தி மறுபடி அளந்தேன்.
எட்டு மைலுக்கு அப்பால்
கடவுளுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை.

"பொருந்தாது" என்றேன்.
சொன்னதும் ஏதோ விற்றுவிட்டவள் போல இருந்தது.

மறுநாள் கோவிலில் நான்கு குரலில் பாட்டு.
கண் மூடவேண்டிய இடத்தில் நான் மூடவில்லை.
கடல் தெரியும் கதவு திறந்திருந்தது.
கப்பல் தெரியாது என்று தெரியும்.
இருந்தும் பார்த்தேன்:
அந்நியக் கைகள் இரண்டு
கையுறை மாட்டி,
எங்கள் தேசத்தின் இரு முனைகளை
விளக்குக்கு அடியில் ஒட்டவைப்பதை.

படிவத்தில் வரிவீதம் என்ற கட்டத்தில்
பென்சிலால் பூஜ்யம் போட்டேன்.
மை வைத்து எழுத
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம், செவ்வாய், மூன்றரை மணி.
அலுவலகம் முழுக்க ஒரே சமயத்தில் கைபேசிகள் துள்ளின.
கிலிசிதினா மேசைமேல் ஏறி நின்று கத்தினாள்.
எனக்கு வந்த முதல் செய்தி
தம்பியுடையது அல்ல.

பழக்கமில்லாத இடத்திலிருந்து
உங்கள் கணக்கில் யாரோ நுழைகிறார்கள்.
இடம்: டொங்கா.
இது நீங்கள்தானா?