ஆறும்வரை

செத்தாப்பாக் அடுக்ககம், மூன்றாம் தளக் கார் நிறுத்தம்.
காலை ஏழரை.
பேசுமுன் பானெட்டின்மேல் புறங்கையை வைத்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

சுட்டது.

நேற்றிரவே எழுதியிருந்தேன் வாட்ஸப்பில்:
நான் வரும்வரை எஞ்சினை எழுப்ப வேண்டாம்.
இரவெல்லாம் தூங்கிய எஞ்சின்தான்
முதல் இருமலில் உண்மை பேசும்.

"ஆறட்டும், ரெண்டு மணி நேரம்" என்றேன்.
ஹர்வின் பிடரியைச் சொறிந்தான்.
"பரவால்லக்கா. மத்தத பாருங்க."

பார்த்தேன்.
வாரமெல்லாம் செராஸில் பிறர் ரத்தம் பார்க்கிறவள்.
எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து
மறுபடி செருகி உருவினேன்.
கறுப்பு. விரல்நுனியில் மணல் உறுத்தவில்லை.
எண்ணெய் மூடியின் அடியில் தே தாரிக் நிறத்தில்
நுரை கண்டிருந்தால்
அப்போதே லிஃப்டுக்கு நடந்திருப்பேன்.

வீட்டு ஐஸ்பெட்டியிலிருந்து கழற்றி வந்த
லங்காவிக் கழுகுக் காந்தம்
கதவு கதவாய் உட்கார்ந்து பார்த்தது.
இடது பின்சக்கரத்தின் மேல்வளைவில்
பிடி கிடைக்காமல் விழுந்தது.
"தூணுக்கா. ஆபீஸ் பேஸ்மென்ட்ல."
ஒரு தூணுக்கு இவ்வளவு புட்டியா?

பின்பெட்டி விரிப்பைத் தூக்கி
பற்றவைத்த தழும்பு தேடினேன்.
ஒரு விபத்தில் பிழைத்த முன்பாதியும்
இன்னொன்றில் பிழைத்த பின்பாதியும்
ஒரே நம்பர் பிளேட்டில் குடித்தனம் நடத்துவதுண்டு.
இது ஒற்றைப் பிறவி.

சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை இழுத்து முகர்ந்தேன்.
வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவிவிடலாம்,
சுருளுக்குள் போன சேற்றை யார் கழுவுவார்?
கோடாலித் தைலம் மட்டும் மணத்தது.

முன்டயர் இரண்டுக்கும் உள்பக்கம் மட்டும் வழுக்கை:
தாழ்த்தி ஓட்டியிருக்கிறான்,
விற்பதற்காக உயர்த்தியிருக்கிறான்.
கண்ணாடியோரத் தூணில் பூஸ்ட் மீட்டர் இருந்த இடத்தில்
இரண்டு திருகு ஓட்டைகள்,
மூக்குத்தி கழற்றிய மூக்குபோல.
கைலிக் கட்டம் போட்ட ஓட்டுநர் இருக்கையில்
வலது விளிம்பு மட்டும் நைந்திருந்தது,
தினமும் ஒரே தொடை சரிந்து இறங்கிய தடம்.

இன்னும் சூடு.

கீழே மாமாக் கடையில்
எதிரெதிரே உட்கார்ந்தோம்.
"ஏன் எழுப்புனீங்க?"
அவன் பேசவில்லை, கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான்.
கோம்பாக் டோல், 5.12.
கோம்பாக் டோல், 6.04.
இடையில் காராக் மலைப்பாதை,
கெந்திங் செம்பா வரை, திரும்பி.
"ஜூலைல ரெட்டப் புள்ளைங்கக்கா.
பேபி சீட் ரெண்டு போட்டா
என் முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது.
சரி, கடசியா ஒரு வாட்டின்னு..."

டோல் கணக்கு, போனதைச் சொல்லும்.
ஏன் போனான் என்று சொல்லாது.
ரொட்டி சானாய் வந்தது. அவன் பிய்த்தான், தின்னவில்லை.

ஒன்பதே முக்கால்.
பானெட் என் புறங்கையைவிடக் குளிர்ந்திருந்தது.
சாவியை நான்தான் திருகினேன்.
சங்கிலி ஒருமுறை பல்லைக் கடித்து அடங்கியது.
பிறகு புகைக்குழாயில்
மெல்லிய நீலம், ஊதுபத்தி அளவு,
பின்னால் நின்ற மைவியின் முகத்தில் படிந்து கரைந்தது.

இருவரும் பார்த்தோம்.

"டர்போ சீலுக்கா" என்றான் அவனே.
"ரெண்டு மாசமா. சொல்லணும்னுதான்..."

நாற்பத்தெட்டு கேட்டவன்
நாற்பத்திரண்டரைக்கு இறங்கினான்.
புட்டிக்கும் டயருக்கும் சீலுக்கும் கணக்குப் பார்த்தேன்.
விடியலில் எரிந்த பெட்ரோல்
எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை புஸ்பாகோம்.
"அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்றேன்.
தலையாட்டினான்,
கண் காரின் மேல் இருந்தது.

மீட்டரில் 91,406.
லிஃப்டில் இறங்கும்போது குறித்துக்கொண்டேன்.

டோல் தாண்டுமுன், ஜாலான் பகாங் சிக்னலில் நின்றபோது
அழித்தேன்.