ஐந்து வாளி வானம்

மத்திய வீதிப் பெயின்ட் கடையில்
நிறம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் என் கதிரை.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஹஸ்னா ரீச்சர்
ஐந்து வானம் கேட்டார்,
வகைக்கு ஒரு லீற்றர்.
பள்ளிக்கூட மதில் நீளம். காசு கொஞ்சம்.

வெள்ளிக்கு மஞ்சள்.
"வெறும் மஞ்சளில்லைத் தம்பி,
கந்தகம் நாறுற மஞ்சள்."
மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்;
இரண்டு பேரும் சிரித்தோம்.
சனியின் நிலா டைட்டனுக்குச்
செம்மஞ்சள் புகை.
நெப்டியூனுக்கு,
போன வருடம் வள்ளக்காரர் வாங்கி மிஞ்சிய நீலத்தில்
வெள்ளை ஒரு கரண்டி விட்டேன்.

செவ்வாயில்தான் தடுமாறினேன்.
பகலெல்லாம் புழுதி நிறமாம்.
பொழுது படும்போது மட்டும்
சூரியனைச் சுற்றி நீலமாம்.
"நம்மட வானத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி."
ஒரு லீற்றருக்குள் இரண்டையும் எப்படி?
அரை அரையாய்
இரண்டு டின்னில் ஊற்றிக் கொடுத்தேன்.

கடைசி வாளி புதன்.
கறுப்பு. உச்சி வெயிலிலும் கறுப்பு.
"ஏன் ரீச்சர்?"
"காற்றில்லை.
காற்றில்லாட்டி
வானத்துக்கு நிறம் ஏது?"

பில் போட்டேன்.
கறுப்புக்குக் காசு எடுக்கவில்லை.

கடை பூட்டி
உட்துறைமுகப் பக்கம் நடந்தேன்.
சீனக்குடா மாவாலைக்கு மேலே
எங்கள் நிற அட்டையில் இலக்கமில்லாத
ஒரு சிவப்பு.
மீன் ஏலம் கூறுகிறவன்,
சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பெடியன்,
உறுமிப் புகை கக்குகிற மூதூர் பஸ்,
எல்லாருடைய மூச்சும் அதற்குள்.

ஒருதரம்
மூச்சை அடக்கிப் பார்த்தேன்.
சிவப்பு குறையவில்லை.

நகக்கண்ணில் காய்ந்த நெப்டியூனைச்
சுரண்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.