இரண்டு தெரு தள்ளி

வண்டியூர்க் கண்மாயில் பிளாஸ்டிக் பொறுக்கும்
ஞாயிற்றுக்கிழமைகளில்
என் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவேன்,
மாவு மில்லுக்குப் பக்கத்தில்.

திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறணும்.
மாறலாம்.
மார்கழியில் ஒரு மாதம் மாறினேன்,
அதைப் பங்குனி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழங்காநத்தம் சிக்னலில் மட்டும்
எஞ்சினை அணைத்துவிடுவேன்.
தொண்ணூறு நொடி நல்லவன்.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே வைவார்;
அதையும் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்வேன்.
ஏசி வேண்டாமென்று கண்ணாடியை இறக்கினால்
முன்னால் நிற்கும் லாரியின் புகை
உள்ளே வந்து உட்கார்ந்து
என் கொள்கையை விசாரிக்கும்.

பால் வாங்க நடக்கிறேன், சரி.
மாமனார் வீட்டு விசேஷத்துக்கு?
"கார் இருந்துமா பஸ்ல வந்தீங்க?"
என்று கேட்கிற வாயை
எந்த மரக்கன்றை நட்டு மூடுவது?

போன ஞாயிறு, மில் ஓரம்,
எனக்கு முன்பே இன்னொரு கார்.
இறங்கியவர் அமலோற்பவம் மேடம்.
"எல்லோரும் சைக்கிளில் வாங்க" என்று
வாரம் தவறாமல் குழுவுக்குச் செய்தி அனுப்புகிறவர்.
கையில் சாக்குப்பை.
தலையில் சைக்கிள் ஹெல்மெட்.

இருவரும் கொஞ்ச நேரம்
மாவு மில் சத்தத்தைக் கேட்டோம்.

"வீடு எங்க மேடம்?"
"பசுமலை."
நான் வருகிற வழிதான்.
ஹெல்மெட்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டார்,
முடியை ஒதுக்கிக்கொண்டார்.
"அடுத்த வாரம்
உங்க வண்டியா, என் வண்டியா?"

எங்கே நிறுத்துவது என்று மட்டும்
இருவரும் பேசவில்லை.